வாசல் திருப்பத்துச் சத்தம்

காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த டெய்லர், முன்சக்கர மூட்டைச் சுற்றியிருந்த ரப்பர் உறையின் ஓரத்தில் ஊசியை மெல்லக் குத்தினார்.

வாழ்நாளெல்லாம் துணியில் குத்திய கை. குத்தின இடம் தெரியக் கூடாது, அதுதானே வேலையே!

அந்த மூட்டுக்குள் கிரீஸ் போட கம்பெனிக்காரன் ஒரு வழியும் வைக்கவில்லை. நாலாபக்கமும் மூடியே அனுப்பியிருந்தான். ஏனப்பா இப்படி என்று கேட்டதற்கு மெக்கானிக் சிரித்தார்.

“ஆயுசுக்கும் கிரீஸே போட வேணாம்னு சொல்லித்தான் விக்கிறாங்கண்ணே. யாரோட ஆயுசுக்குன்னுதான் சொல்றதில்ல.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். பாவம், நல்ல மனுஷன். ஊசி மாட்டிய கிரீஸ் கன்னைத் தானே எடுத்து வந்து கையில் கொடுத்தார்.

அது டெய்லரின் மகன் ஓட்டிய கார். மகன் போய்விட்டான். காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. கார் மட்டும் வாசலில் கிடக்கிறது. விற்க மனசில்லை. டெய்லரின் முழங்கால் வலிக்கு அதை விட்டால் கடைக்குப் போக வேறு வழியும் இல்லை.

தெருவிலிருந்து கேட்டுக்குள் திருப்பும்போது, காய்ந்துபோன அந்த மூட்டு ‘க்ரீச்’ என்று ஒரு கத்து கத்தும். அவ்வளவுதான், வீட்டுக்குள் அவர் மனைவி போட்டது போட்டபடி ஓடி வருவாள். சோப்பு நுரைக் கையோடு வருவாள், பாதி வாரிய தலையோடு வருவாள்.

காரிலிருந்து இறங்குவது அப்பன்காரன்.

அவள் முகம் அப்படியே விழும். உள்ளே திரும்பிவிடுவாள். அதைத் தினமும் பார்க்கிற தெம்பு டெய்லருக்கு இல்லை. அவள் இனி ஒரு தடவைகூட ஏமாறக் கூடாது.

கன்னை அழுத்தினார். ரப்பர் லேசாக உப்பியது. ஊசியை உருவியதும் துளை தானாக மூடிக்கொண்டது. மற்றப் பக்கமும் முடித்துவிட்டு, தெருவில் ஒரு சுற்று போய் வந்தார்.

கேட்டில் திருப்பினார். சத்தமே இல்லை! வண்டி பூனை மாதிரி உள்ளே வந்து நின்றது.

யாரும் ஓடி வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அவரைப் பார்த்துத் திடுக்கிட்டாள். ஜன்னல் வழியே காரைப் பார்த்தாள். அவருடைய கறுத்த விரல்களைப் பார்த்தாள். குழாயை மூடினாள்.

“அவன் வரமாட்டான்னு எனக்குத் தெரியாதாங்க? இங்கேருந்து வாசலுக்கு ஓடி வர்ற வரைக்கும் அவன் வந்துட்டான்னு இருக்கும்... அதையும் எடுத்துட்டீங்களே!”



டெய்லர் திரும்பவும் வெளியே போய்க் காருக்கு அடியில் படுத்தார். ரப்பர் உறையை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஒரு சொட்டு கிரீஸ்கூட வெளியே வரவில்லை.

எங்கே குத்தினோம் என்று அவருக்கே தெரியவில்லை.