வாசம் வருதுங்களா

பானெட்டுக்கு அடியில் குனிந்திருந்தவன் கையை உயர்த்தினான்.

அவள் சாவியைத் திருப்பினாள்.

எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பழைய சத்தம் இல்லை. தொண்டைக்குள்ளேயே உறுமுகிற கனத்த சத்தம்.

அவள் மடியில் லேப்டாப். திரையில் எண்கள் ஏறி இறங்கின. இந்தச் சின்னக் கார் பந்தய வண்டி போல ஓட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் நான்கையும் கழற்றிவிட்டுப் பெரியதாகப் போட்டாகிவிட்டது. பெட்ரோலின் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரும் புதிது. தண்டபாணி அதன் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினான். அவன் முறுக்குவான், அவள் திரையைப் பார்த்துச் சொல்வாள். எட்டு வருடமாகக் கணவனும் மனைவியும் இப்படித்தான் இந்தப் பட்டறையை நடத்துகிறார்கள்.

மூன்று. மூன்றரை. நான்கு.

அப்போதுதான் வந்தது.

பெட்ரோல்.

பட்டறையில் எப்போதும் இருக்கிற லேசான வாசம் இல்லை. மூக்கைத் தாண்டி நாக்கில் பட்டது. கண் எரிந்தது.

தூக்கிய பானெட்டின் கீழ் இடுக்கில் அவன் கைகள் மட்டும் தெரிந்தன. அவசரமே இல்லாமல் முறுக்கிக்கொண்டிருந்தன.

எஞ்சினை அணைத்துவிட்டுப் பாய்ந்து இறங்கினாள். லேப்டாப் தரையில் விழுந்தது.

"ஏன் அணைச்ச?"

அவன் சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது. இரண்டாவது இன்ஜெக்டரின் அடியிலிருந்து நூல் போல ஒரு பீய்ச்சல். வேகம் குறைந்து சொட்டத் தொடங்கியது. ஒரு சாண் கீழே, சூடேறிய புகைக்குழாய்.

"மாமா, சட்டை."

குனிந்து பார்த்தான். உள்ளங்கையால் துடைத்தான்.

"காலையில எஞ்சின் கழுவின தண்ணி."

வாசலில் போகிறவனுக்குக்கூடத் தெரியும் வாசம். அதற்குள் நின்றுகொண்டு தண்ணி என்கிறான்.

அவனை வெளியே இழுத்தாள். வெயிலில், குழாயடியில், பட்டன் தெறிக்கச் சட்டையைக் கழற்றினாள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள்.

பிறகு சட்டையைச் சுருட்டி அவன் முகத்தருகே நீட்டினாள்.

"என்ன வாசம்?"

மூச்சை இழுத்தான். மறுபடியும் இழுத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எப்ப இருந்து?"

"ஆவணியில காய்ச்சல் வந்துச்சில்ல. அப்ப இருந்து. வந்துரும், வந்துரும்னு இருந்தேன்."

இது கார்த்திகை.

மூடிய பானெட்டுக்கு வெளியே நின்றே கசிவைச் சொல்லிவிடுவான் என்று கோயமுத்தூரில் அவனுக்குப் பேர்.

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்குள் வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது.

"அதுக்கப்புறம் இதே வேலை பாத்து எத்தன வண்டி குடுத்தோம்?"

அவன் உதடு அசைந்தது.

"நாலு."

போனை எடுத்தாள்.

முதல் வண்டி வீட்டில் நின்றிருந்தது. தொடவே வேண்டாம் என்றாள். இரண்டாவது வண்டிக்காரர் இறங்கிப் போய் மோந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஆனாலும் எடுக்காதீர்கள், நாங்களே வருகிறோம் என்றாள்.

மூன்றாவதில் ஒரு பெண் குரல்.

"அவரு ஓட்டிட்டு இருக்காருங்க. நான் அவரு சம்சாரம் பேசறேன். பெருந்துறை தாண்டிட்டோம்."

குரலுக்குப் பின்னால் அதே கனத்த உறுமல்.

"வண்டிக்குள்ள ஏதாச்சும் வாசம் வருதுங்களா?"

"பெட்ரோல் வாசம் வருதுங்க. புதுசா வேலை பாத்த வண்டின்னா கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும்னு இவரு சொன்னாரு."

கத்தக் கூடாது. கத்தினால் அங்கே ஸ்டியரிங் ஆடும்.

"அக்கா, ஓரமா நிறுத்தச் சொல்லுங்க. இப்பவே. வண்டிய அணைச்சுட்டு எல்லாரும் எறங்கி, தூரமாப் போயிருங்க. எத்தன பேரு இருக்கீங்க?"

"நாலு பேருங்க. பாப்பா பின்னாடி தூங்குது. எதுக்குங்க?"

"எறங்குங்கக்கா. அப்புறம் சொல்றேன். போனை மட்டும் வெச்சுராதீங்க."

ஏதோ பேச்சு. ஆண் குரல் ஒன்று சலித்துக்கொண்டது. உறுமல் தணிந்தது. நின்றது.

ஒரு கதவு. இன்னொன்று. மூன்றாவது.

பிறகு ஒன்றும் இல்லை. லாரி ஒன்று கடந்துபோனது.

"அக்கா?"

தண்டபாணி அவளை ஒட்டி வந்து நின்றான். உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, இருக்கீங்களா?"

காற்று மட்டும் இரைந்தது.

பின் ஒரு குழந்தை அழுதது. தூக்கத்தில் அள்ளித் தூக்கப்பட்ட குழந்தையின் எரிச்சல் அழுகை. ரோட்டோரத்தில், திறந்த வெளியில், முழுத் தொண்டையில்.

அவள் போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள்.

அவள் கையிலிருந்த போனைத் தண்டபாணி வாங்கினான். அந்தப் பெண்ணிடம், வண்டிப் பக்கம் யாரும் போக வேண்டாம், கிளம்பி வருகிறேன் என்றான். பிறகு நான்காவது எண்ணை அவனே அழுத்தினான்.

வெகுநேரம் அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"தண்டபாணி பேசறேனுங்க," என்றான்.

"எனக்கு மூக்கு வேலை செய்யறதில்லைங்க."