எதிரணிச் சட்டை

"நேத்து நீங்க போட்ட கடைசி கோல் இருக்கே, அது ஆஃப்சைடு அண்ணே."

வாக்குச்சாவடி வரிசையில் நின்றிருந்த லிஃப்ட் மெக்கானிக் விருட்டென்று திரும்பினார். பின்னால் நின்றவர் போட்டிருந்தது நீலச் சட்டை. அதுவும் சாதாரண நீலமா? நேற்று இறுதிப் போட்டியில் மண்ணைக் கவ்விய கிளப்பின் நீலம்!

"கோப்பை எங்ககிட்ட இருக்கு தம்பி. ஆஃப்சைடை நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

நீலச்சட்டைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

மெக்கானிக் உடம்பில் கிளப்பின் மஞ்சள் சட்டை. வெளியூரில் கோப்பையை வென்று, விடிய விடிய ஆடிப் பாடி, திரும்பும் வழியில் பஸ் படுத்துவிட, வீட்டுக்குப் போய் முகம் கழுவக்கூட நேரமில்லாமல் நேராக இங்கே வந்திருந்தார். தொண்டை கட்டிப் போயிருந்தது. நெஞ்சு மட்டும் நிமிர்ந்தே இருந்தது.

"இவ்வளவு அடிச்சுப் பிடிச்சு வந்திருக்கீங்களே!"

"வராம? போன தேர்தல்ல எங்க ஆளு ஒரு பஸ்ஸுக்குள்ள அடங்கற ஓட்டுல தோத்தாரு. அன்னைக்கு நான் உட்கார்ந்திருந்தது வெளியூர் மேட்சுக்குப் போன பஸ்ல. இன்னி வரைக்கும் வீட்டுக்காரி சொல்லிக் காட்டறா."

"அந்த மேட்சாவது ஜெயிச்சீங்களா?"

"அதுலயும் தோத்தோம்."

"ஞாபகம் இருக்கு. அடிச்சது நாங்கதானே!"

மெக்கானிக்குக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அடுத்த நொடியே முறுக்கிக்கொண்டார்.

"இந்தத் தடவை விடறதா இல்ல. அந்த மஞ்சள் கொடிக்காரங்களைத் தோற்கடிச்சே தீரணும். எங்க கிளப் ஆரம்பிச்சப்ப அந்தக் கட்சித் தலைவர் பிறக்கவே இல்ல. நிறத்தை எங்ககிட்டேருந்து சுட்டுட்டு, நாட்டையே புரட்டிப் போடுவேன்னு கிளம்பிட்டாங்க. கடைசி நேரத்துல யாரோ ஒரு பல் டாக்டரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்காங்களாம். சுவரொட்டி பூராவும் தலைவர் மூஞ்சிதான், அந்த மனுஷனை யார் கண்டா? பல்லைப் பிடுங்கறவர் நாடாளுமன்றத்துல போய் என்னத்தைப் பிடுங்கப் போறாரு?"

நீலச்சட்டைக்காரருக்குப் புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டே சொன்னார்: "இங்க நின்னு கட்சிப் பேச்சு பேசக் கூடாது அண்ணே. விதின்னு ஒண்ணு இருக்கு. அந்த ஆஃப்சைடுக்கே வருவோம்."

அதற்குள் மெக்கானிக்கின் முறை வந்துவிட்டது. வாசலில் நின்ற அதிகாரி அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தச் சட்டையோட உள்ளே விட முடியாதுங்க. கட்சி நிறம். பிரசாரம் ஆயிடும்."

"பிரசாரமா? நானா? அவங்களுக்கா?" மெக்கானிக்கின் கட்டிய தொண்டை கீச்சிட்டது. "அம்மா, இது எங்க கிளப் சட்டை! முத்திரையைப் பாருங்க!"

"எனக்குத் தெரியுதுங்க. உள்ளே இருக்கிற ஏஜெண்டுங்க ஒத்துக்க மாட்டாங்க. வேற சட்டை போட்டுட்டு வாங்க."

"திருப்பிப் போட்டுக்கறேன்."

"திருப்பினாலும் மஞ்சள்தானே?"

"கழட்டிட்டு பனியனோட வரட்டுமா?"

"இது ஓட்டுச் சாவடிங்க, குளியலறை இல்ல."

வீடு நாலு பஸ் நிறுத்தம் தள்ளி. கதவு சாத்தும் நேரமோ நெருங்கிக்கொண்டிருந்தது. கோப்பையைத் தூக்கிய கைகள் இப்போது செய்வதறியாமல் தொங்கின. இந்தத் தடவையும் அந்தக் கிளப்பாலேயே ஓட்டு போச்சு என்று வீட்டில் எந்த முகத்தோடு சொல்வது?

தோளில் ஒரு கை விழுந்தது.

"இந்தாங்க அண்ணே."

நீலச்சட்டைக்காரர் சட்டையைக் கழற்றி நீட்டிக்கொண்டிருந்தார். பனியனோடு நிற்கிறோமே என்ற கூச்சம் முகத்தில் துளிகூட இல்லை.

"இதையா?" மெக்கானிக் ஓரடி பின்வாங்கினார். "இதைத் தொட்டேன்னு தெரிஞ்சாலே எங்க பசங்க என்னைத் தள்ளி வச்சிடுவாங்க."

"யாரும் பார்க்கல. போடுங்க."

"உங்க ஓட்டு? அதுக்குள்ள கதவைச் சாத்திட்டா?"

"சாத்தறதுக்குள்ள ஓடி வாங்க. நேத்து உங்க விங்கர் ஓடினானே, அந்த மாதிரி."

மெக்கானிக் சட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க எந்தக் கட்சின்னு எனக்குத் தெரியாது தம்பி. நான் யாரைத் தோற்கடிக்க வந்திருக்கேன்னு கேட்டுட்டுத்தானே நின்னீங்க?"

"கேட்டேன். அதுக்காக? எதிரணியில ஒரு ஆள் குறைஞ்சு, அதுல ஜெயிக்கிறது எங்களுக்குப் பழக்கம் இல்ல அண்ணே. பதினோரு பேரும் இறங்கணும். அப்புறம் ஜெயிச்சாத்தான் அது ஜெயிப்பு."

மெக்கானிக் சட்டையை வாங்கினார். பிறந்ததிலிருந்து வெறுத்த நிறத்தைத் தலைவழியாக மாட்டிக்கொண்டார். வயிற்றில் கொஞ்சம் இறுக்கியது. தன் மஞ்சள் சட்டையை மடித்து அவர் கையில் கொடுத்தபோது, அவர் அதைக் கசங்காமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் மெக்கானிக்குக்குப் பெருமையில் கண் கலங்கியது. எப்பேர்ப்பட்ட எதிரி நமக்கு! தோற்றால் இவர்களிடம் தோற்கலாம். ஜெயித்தாலும் இவர்களைத்தான் ஜெயிக்க வேண்டும்.

அதிகாரி அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வழிவிட்டார்.

உள்ளே, மறைப்புக்குப் பின்னால் போய் வாக்குச்சீட்டை விரித்தார் மெக்கானிக். சின்னமும் பெயரும் படமுமாக வரிசையாக வேட்பாளர்கள். தன் கட்சிச் சின்னத்தைத் தேடிக் கண்டுபிடித்து, முத்திரையை அழுத்திக் குத்தினார். தீர்ந்தது பாக்கி! மை காயட்டும் என்று ஊதினார்.

ஊதிக்கொண்டே, யாரந்தப் பல் டாக்டர், ஒரு தடவை பார்த்துவைப்போம் என்று மஞ்சள் கொடிக் கட்சியின் கட்டத்தைத் தேடினார்.

படத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர், வாசலில் பனியனோடு நின்றுகொண்டிருந்தார்.