தள்ளுபடி

"தாயே, நாளைக்குக் காலையில மட்டும் இந்த வண்டி ஸ்டார்ட் ஆகக் கூடாது!"

புது கார் வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத நிகில், சாமுண்டி மலைப் பக்கம் திரும்பி இப்படித்தான் கும்பிட்டான்.

ஆயுத பூஜைத் தள்ளுபடியில் வாங்கிய கார். காலையில் சாவியைத் திருப்பினால் அசையாது. நாலு பேர் தள்ளிவிட்டால் அன்றைக்கு முழுக்கக் குதிரையாக ஓடும். ஷோரூமுக்கு ஓட்டிக்கொண்டு போனால், "நல்லாத்தானே ஓடுது?" என்பார்கள். பேட்டரியை மாற்றினார்கள், ஸ்டார்ட்டரை மாற்றினார்கள். வண்டியின் புத்தி மாறவில்லை.

"வண்டியைத் திரும்ப எடுத்துக்குங்க" என்று மல்லுக்கட்டியதில் கம்பெனி ஒருவழியாக இறங்கி வந்தது. எஞ்சினியர் காலையில் வீட்டுக்கே வருவார். அவர் கண்முன்னே வண்டி மக்கர் பண்ணினால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

மனைவி மஹதிக்கு ஒன்பதாவது மாதம். நடுராத்திரியில் வலி எடுத்தால் இந்த வண்டியை நம்பிக் கிளம்ப முடியுமா? அதுதான் நிகிலின் பயம்.

போதாக்குறைக்கு எதிர்வீட்டு ஆட்டோக்காரர் பழனி வேறு. தினமும் காரைத் தள்ள முதல் ஆளாக வருவார். வந்தவர் சும்மா தள்ள மாட்டார்.

"தள்ளுபடியில வாங்குனீங்க, தள்ளும்படி ஆயிருச்சுங்க சார்!"

மண்டி மொஹல்லாவில் அந்தச் சந்தே சிரிக்கும்.

அதையாவது பொறுக்கலாம். கொஞ்ச நாளாக ராத்திரியானால் தன் ஆட்டோவை நிகில் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறார். "உங்க வாசல்ல இடமில்லையா?" என்று கேட்டால், "இருக்கட்டுங்க சார்" என்று ஒரு சிரிப்பு. என்ன திமிர்!

மறுநாள் எஞ்சினியர் வந்தார். நிகில் நம்பிக்கையோடு சாவியைத் திருப்பினான்.

வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது!

அணைத்துவிட்டு மறுபடி திருப்பினான். மறுபடியும் உறுமியது. வாசலில் நின்ற மஹதி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏனூ ப்ராப்ளம் இல்லா சார்" என்று கன்னடத்தில் கைவிரித்தார் எஞ்சினியர். புகாரும் தள்ளுபடி.

அவர் பைக்கைக் கிளப்பும்போது பழனி ஆவலாக ஓடி வந்தார்.

"பாசாயிருச்சுங்களா சார்?"

"என்ன பாஸ்?"

"ஆபீசர் வண்டி பாக்க வர்றாருன்னு எம் பொண்டாட்டி பாப்பாத்தி சொன்னா. எஃப்.சி. மாதிரி விசயமாச்சே, விட்டுருவமுங்களா? சந்துல லாரி வந்தா நகர்த்தறதுக்கு உங்கூட்டு அம்மிணி ஒரு சாவி குடுத்திருந்தாங்கல்ல? நீங்க தூங்கறப்பவே நாலு பேரு தள்ளி, நல்லா சூடு பண்ணி நிறுத்திட்டோமுங்க!"

வருஷா வருஷம் ஆட்டோவை எஃப்.சி.க்குக் காட்டிப் பழகிய மனிதர். ஆபீசர் வந்தால் வண்டி பாஸாக வேண்டும், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"ஐயோ, ஃபெயிலாகணும்னுதானே நான் இத்தனை நாள் அலைஞ்சேன்!" நிகில் கத்திவிட்டான்.

பழனியின் முகம் சுருங்கியது. "புள்ளையார் புடிக்கப் போயி கொரங்காயிருச்சுங்களே..."

எஞ்சினியர் பைக்கை அணைத்தார். தமிழ் அவருக்கும் அரைகுறையாகப் புரியும்.

"ஓ, தள்ளிட்டீரா? நாளைக்கு நான் திரும்ப வர்றேன். அதுவரை யாரும் வண்டிய முட்டபேடி, தொடக் கூடாது!"

அவர் போய்விட்டார். நிகிலுக்கு ஆத்திரம் போகவில்லை.

"நாளைக்கும் கெடுத்துடாதீங்க. முதல்ல உங்க ஆட்டோவை என் வாசல்லேருந்து எடுங்க! நடுராத்திரியில மஹதிக்கு வலி வந்தா, நான் என் காரைத் தள்ளுவேனா, உங்க ஆட்டோவைத் தள்ளுவேனா?"

பழனி தலையைச் சொறிந்தார்.

"அந்த நேரத்துல காரைத் தள்ள நாலு பேரு கெடைக்கோணுமில்லீங்க சார்? அதுக்குத்தானுங்க, ஆட்டோவ உங்க வாசல்லயே நிறுத்தறேன்."