போனில் வந்த கொழுக்கட்டை

"போன் கம்பெனிக்காரன் பண்டிகைக்குக் கொழுக்கட்டை அனுப்பியிருக்கான் பாரு" என்று மன்சிக் அண்ணன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

நான் சண்டை போடத்தான் மாடி ஏறியிருந்தேன்.

கீழே என் கிம்ச்சி ஊறுகாய்க் கடை, மேலே அவர் வீடு. வழக்கமாகப் படியடியில் நின்று கத்திவிடுவேன். இன்று தொண்டை கட்டியிருந்ததால் போனில் கூப்பிட்டேன். நாளை சூசோக் பண்டிகை, மீன் வறுவலும் கொழுக்கட்டையும் கொண்டு வரட்டுமா என்று கேட்க. காலையிலிருந்து கூப்பிடுகிறேன், மனிதர் எடுக்கவே இல்லை.

மூட்டுவலியோடு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால், போன் அவர் முன்னாலேயே சார்ஜரில் கிடக்கிறது.

"அடிக்கவே இல்லையேம்மா" என்றார்.

திரையின் மேல் ஓரத்தைப் பார்த்தேன். வைஃபை விசிறி இருந்தது. பேட்டரிக்குள் ஒரு பச்சை இலை. அது சிக்கனத்தின் அடையாளம், அண்ணனுக்கு ரொம்பவும் பொருத்தம். சார்ஜ் வீணாகும் என்று போனை வெளியே எடுத்துப் போகவே மாட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னப் பிறை.

சூசோக்குக்கு நாங்கள் அவிக்கும் கொழுக்கட்டையும் பிறை வடிவம்தான். என் தட்டிலும் அதுதான் இருந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

"எத்தனை நாளா இருக்கு இது?"

"அது கிடக்கு ரொம்ப நாளா. ஏதோ ஒரு சூசோக்குக்கு அனுப்பிட்டு எடுக்க மறந்துட்டான் போல."

"இது திங்கிற பண்டம் இல்லண்ணே. நிலா. இது இருந்தா போன் தூங்குதுன்னு அர்த்தம். யாரு கூப்பிட்டாலும் சத்தம் வராது."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"யாரு கூப்பிட்டாலுமா?"

யாரை நினைத்துக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். மகள் ஹேரின். சியோலில் நர்ஸ். அம்மாவின் முதல் திதிக்கு, வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்து எங்கள் ஊர் தொங்யோங்குக்கு ஓடி வந்தாள். வந்து சேர்ந்தபோது படையல் முடிந்து மேசையை ஒழித்தாகிவிட்டது.

"உங்கம்மாவே சாப்பிட்டுப் போயிட்டா. இனிமே நீ எதுக்கு வர்றே" என்று கேட்டுவிட்டார் இவர்.

அந்தப் பெண் வெறும் மேசைக்கு முன் விழுந்து கும்பிட்டது. படி இறங்கும்போது என் கடையில் நின்று, அப்பாவுக்குக் கொடுக்கிற கிம்ச்சியில் உப்பைக் குறைத்துப் போடச் சொன்னது. அப்புறம் வரவே இல்லை.

அவளே கூப்பிடட்டும் என்று இவர் வீம்பாக இருந்தார். கொஞ்ச நாளில் வீம்பு போய்ப் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. கூப்பிட்டு, அவள் எடுக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

நான் போனை வாங்கி, அந்த நிலா எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். வீட்டு வைஃபை பட்டவுடன் போன் தானாக வாயை மூடிக்கொள்ளும்படி யாரோ ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். அந்த ஏற்பாட்டுக்கு ஒரு பெயரும் இருந்தது.

'அம்மா தூங்குறாங்க.'

அண்ணி படுத்த படுக்கையாகக் கிடந்த நாட்களில் ஹேரின் செய்து வைத்தது. அண்ணி போய்ச் சேர்ந்துவிட்டார். அதைப் போனுக்கு யாரும் சொல்லவில்லை.

படித்துக் காட்டினேன். அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வாரம் தவறாமல் இந்தப் படி ஏறியிருக்கிறேன். ஒரு நாளாவது அந்தப் போனைக் கையில் எடுத்துப் பார்த்தேனா? வாய் மட்டும்தான் எனக்கு.

"அப்போ அவ கூப்பிட்டிருப்பாளா?" என்று கேட்டார்.

அதற்குள் என் விரல் அந்தப் பக்கத்தின் அடிவரை போயிருந்தது. அங்கே இன்னும் ஒரு வரி இருந்தது. அதை எனக்குள் படித்துக்கொண்டேன்.

"கூப்பிடாம இருப்பாளா? எல்லாத்தையும் இந்த நிலாதான் முழுங்கியிருக்கு."

அவர் போனைப் பிடுங்கிக்கொண்டார். எண்ணை அவரே அழுத்தினார். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. இனி எடுக்கமாட்டாள் என்று நான் நினைத்த நேரத்தில் எடுத்தாள்.

"அம்மாடி, போன்ல கோளாறும்மா. நிலா இருந்திருக்கு, எனக்குத் தெரியல. நீ கூப்பிட்டது ஒண்ணுமே கேக்கல. அப்பா மேலதான் தப்பு. எல்லாமே என் தப்புதாம்மா."

இத்தனை காலம் தொண்டையில் நின்ற சொல், போன் மேல் பழி போட்டதும் வெளியே வந்துவிட்டது.

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ வண்டி தள்ளிப் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆமாப்பா" என்றாள் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா?"

அண்ணன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

நான் படித்துக் காட்டாமல் விட்ட வரி இதுதான்: நிலா இருந்தாலும் ஒரே ஓர் எண்ணுக்கு மட்டும் மணி அடிக்கும்.

பக்கத்தில் ஹேரின் என்று இருந்தது. அவளே போட்டு வைத்தது. அவளுக்கு அது மறந்திருக்காது.