உப்புக் காபி

வாஷ்பேசினுக்கு மேலே இருக்கும் கண்ணாடி, முகம் பார்க்கிற நேரத்துக்குள் மூளையின் ரத்தக்குழாய்களைப் படம் எடுத்துவிடும். இப்போது எல்லார் வீட்டிலும் அந்தக் கண்ணாடிதான். ஆபரேஷனுக்கு எட்டாத இடத்தில் ஒரு குழாய் பலூன் மாதிரி புடைத்திருந்தால், அந்தப் படம் உரிய ஆளுக்கு வராது. பயத்திலேயே ரத்த அழுத்தம் ஏறி வெடித்துவிடுமாம். அதனால் குடும்பத்தில் மற்றவர்களின் போனுக்குத்தான் போகும்.

மங்கையர்க்கரசி அதையெல்லாம் மறந்தே போயிருந்தாள், இந்தச் செவ்வாய்க்கிழமை வரை. அன்று சட்னியில் காரம் தூக்கலாகிவிட்டது. இதற்கெல்லாம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற அவள் கணவர் தட்சிணாமூர்த்தி, கண்ணில் நீர் வழிய வழியத் தோசையைத் தின்று முடித்தார். மறுநாள் அவருடைய புதுச் சட்டையை அயர்ன் பாக்ஸில் தீய்த்துவிட்டாள். "போனா போகுதும்மா" என்றார். அவளிடம் அவர் அப்படி 'அம்மா' போட்டுப் பேசியதே இல்லை. சாயங்காலம் போன் செய்த மகளும் வழக்கமான சண்டைக்கு வராமல், "நீ சொன்னா சரிம்மா" என்று வைத்துவிட்டாள்.

இன்று காபியில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கிக் கொடுத்துவிட்டு, அவர் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

'திட்டுங்க' என்று மனசுக்குள் கெஞ்சினாள். 'ஒரே ஒரு தடவை திட்டிடுங்க.'

அவர் ஒரு வாய் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. பிறகு கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, டம்ளரைச் சத்தமே வராமல் கீழே வைத்தார்.

"எப்படிங்க இருக்கு?"

அவர் அவள் கண்களைப் பார்க்கவில்லை. காதுக்கு மேலே, நெற்றியோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குத்தான்மா காபி காபியா இருக்கு."