எண்ணெய் தடவிய பிரம்பு

மஸ்தான் பிரம்பை மேசைமேல் வைத்தார். புதுப் பிரம்பு. முதல் நாளே தேங்காயெண்ணெய் தடவி ஊறவைத்திருந்தார்.

"கண்ண மட்டும் விட்டுட்டு மத்த இடத்துல தோல உரிச்சிருங்க டீச்சர். என்னைப் பள்ளியில சேர்த்தப்ப எங்க வாப்பா அப்படிச் சொல்லித்தான் பிரம்ப குடுத்துட்டுப் போனாரு. நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

தலைமையாசிரியை லீலாவதி பிரம்பை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார். ஜெராம் சாலை ரப்பர்த் தோட்டப் பள்ளிக்கு அவர் வந்து நாலே மாதம். வந்ததும் முதல் வேலையாகப் பள்ளிப் பிரம்பை அலமாரியில் வைத்துப் பூட்டினார். இனி அடித்தவனும் அடிபட்டவனும் நேருக்கு நேர் உட்கார வேண்டும். அடித்தவன் செய்ததைத் தன் வாயாலேயே சொல்லி, அடிபட்டவன் கேட்கிற பரிகாரத்தைச் செய்ய வேண்டும்.

பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை. தோட்டமே 'தவுக்கே' என்றழைக்கும் மளிகைக் கடை முதலாளியும் பெற்றோர் சங்கத் துணைத்தலைவருமான மஸ்தானுக்குத் தூக்கமே போனது. போன வெள்ளிக்கிழமை பள்ளி வாசலில் அவர் மகன் கிஃபாயத்தும் உடன்படிக்கும் அர்ஜுனனும் கட்டிப் புரண்டார்கள். மஸ்தான் நடுவில் புகுந்து பிரித்து, மகனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். மறுநாளே பழையபடி பிரம்படி வேண்டுமென்று முப்பது பேரிடம் கையெழுத்து வாங்கி மகஜர் அனுப்பிவிட்டார். நேற்று, 'அடிதடி விஷயமாக நேரில் வரவும்' என்று பள்ளியிலிருந்து கடிதம்.

"பேசித் தீர்க்கிறதாம்! இதென்ன கல்யாணப் பேச்சா? அடிச்சவன் அடி வாங்கினாத்தான் லா புத்தி வரும். நிக்க வெச்சு ஆறு அடி. மகஜர்லயே எழுதியிருக்கேன்."

லீலாவதி மகஜரைப் புரட்டினார். "யாரா இருந்தாலும்னு போட்டிருக்கீங்க."

"ஆமா. வேலை வாங்குற மண்டோர் மகனானாலும் சரி, என் மகனானாலும் சரி. வியாபாரி நான், எல்லாருக்கும் ஒரே தராசுதான்."

ஜன்னலுக்கு வெளியே கிஃபாயத்தும் அர்ஜுனனும் ஒரே ஐஸ் குச்சியை மாற்றி மாற்றிச் சப்பிக்கொண்டிருந்தார்கள். அர்ஜுனனின் இடது காதில் பஞ்சு. ரோஷங்கெட்ட பயல்கள் என்று மஸ்தான் பல்லைக் கடித்தார்.

அர்ஜுனனின் தாய் சின்னத்தாய் உள்ளே வந்தாள். பால்மரம் சீவிவிட்டு நேரே வந்திருந்தாள். காய்த்துப்போன கைகள். எதிரெதிராக இரண்டு நாற்காலிகள் கிடந்தன. ஒன்றில் அவள் உட்கார, மற்றதில் மஸ்தான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"பயலுங்களக் கூப்பிடுங்க டீச்சர், ஆரம்பிப்போம்."

"அவனுங்க திங்கக்கிழமையே உக்காந்து பேசிட்டானுங்க. அது முடிஞ்சுபோச்சு." லீலாவதி ஒரு டாக்டர் சீட்டை அவர் முன்னால் நகர்த்தினார். "இது, நீங்க பிரிச்சுவிட்டப்ப அர்ஜுனன் காதோட சேர்த்து விட்டீங்களே ஒரு அறை, அதுக்கு."

மஸ்தானின் கால் கீழே இறங்கியது. "அது… சும்மா ஒரு தட்டு…"

"சின்னத்தாயி, நம்ம பள்ளி வழக்கப்படி பேசியும் தீர்த்துக்கலாம். இல்ல, துணைத்தலைவர் மகஜர்ல கேட்ட மாதிரியும் செய்யலாம். உங்க இஷ்டம்."

சின்னத்தாய் பிரம்பை எடுத்து, காற்றில் ஒருமுறை விளாசிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் ஊறியிருக்கு, தவுக்கே."

மஸ்தான் நாற்காலியை அவசரமாக முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எதுக்குத் தங்கச்சி அதெல்லாம்? பேசியே தீர்த்துக்குவோம் லா!"