மூன்றாவது பாடம்

முன்னால் நின்றவன் நகர்ந்ததும் சவரிராயன் தன் பிறப்புச் சான்றை மேசைமேல் வைத்தான்.

குமாஸ்தா சாமிக்கண்ணு தலை நிமிரவில்லை.

புதுச்சேரியின் அந்தப் பிரெஞ்சுச் சட்டப் பள்ளியில் அவர் யார் முகத்தையும் பார்க்கிறவர் இல்லை. முகத்தைப் பார்த்தால் நாலு வார்த்தை பேச வேண்டும். பேசினால் வேலை நின்றுபோகும். காகிதத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

அது சவரிராயனுக்கு வசதியாகவே இருந்தது. சான்றின்படி அவனுக்கு இருபது வயது. மீசையோ அரும்பலாமா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். வகுப்பில் எல்லோரையும்விட வயதில் மூத்தவன் அவன், உயரத்தில் கடைசி. வளர்த்தி இல்லாத பிள்ளை என்று கேலி செய்ததோடு வாத்தியார்கள் விட்டுவிட்டார்கள். இங்கே யாராவது துருவிக் கேட்டால் படிப்பே போய்விடும்.

முதல் பருவத்துப் பாடங்களைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். இரண்டு பாடங்கள் எல்லோருக்கும் பொது. மூன்றாவதை அவரவர் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். எழுதிக் கொடுத்தபின் மாற்ற முடியாது.

கடை வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளைகள் வணிகச் சட்டம் எடுத்தார்கள். நிலம் வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளைகள் வாரிசுச் சட்டம் எடுத்தார்கள். சவரிராயனுக்கு அது எதற்கு? மில் தொழிலாளி மிக்கேல் தன் பிள்ளைக்கு விட்டுப்போக ஒரு பெயரைத் தவிர என்ன இருக்கிறது?

அவன் வந்தது குற்றச் சட்டத்துக்கு. போன வருஷம் மில் தகராறில் அப்பாவைப் பிடித்துப் போனார்கள். நீதிபதி பிரெஞ்சில் கேட்டார், அப்பா தமிழில் சொன்னார், நடுவில் எடுத்துப் பேச நாதியில்லை. அப்பா இன்னும் உள்ளேதான் இருக்கிறார். அவரைக் கூண்டில் பார்த்த அன்று வந்த ஆத்திரம் இவனுக்கு இன்னும் ஆறவில்லை.

“குற்றச் சட்டம்னு எழுதிக்குங்க, முசே.”

சாமிக்கண்ணு சான்றில் இருந்த பெயரை விரல் வைத்துப் படித்தார். பிறகு பக்கத்தில் இருந்த காகிதக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார்.

“காலையில கதவு தொறந்ததுமே வந்து எழுதிட்டுப் போனியேப்பா. எழுத வராதுன்ன, நான்தான் எழுதினேன். அப்ப மழலையா பேசின, இப்ப நல்லா பேசுற.”

சவரிராயன் தாளைத் திருப்பிப் பார்த்தான். பெயர் சரி. அப்பா பெயர் சரி. பிறந்த தேதியும் சரி. மூன்றாவது பாடத்துக்கு நேரே வாரிசுச் சட்டம் என்று சாமிக்கண்ணுவின் எழுத்தில் இருந்தது.

அடியில் கையெழுத்து இல்லை, பெருவிரல் ரேகை இருந்தது. மையில் வைத்ததல்ல, செம்மண்ணில் வைத்தது.

அதே செம்மண் அவன் நகக்கண்ணிலும் இருந்தது. நேற்றுக் கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி நட்டபோது ஏறியது, கழுவியும் போகவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரன் பூமியில், அவன் அம்மா புஷ்பமேரியின் ஊர் இருக்கிறது. அங்கே கல்லறையில் ஒரு சின்ன மரச்சிலுவை. அதில் சவரிராயன் என்றுதான் எழுதியிருக்கிறது. இவனுக்கு முன்னால் பிறந்த அண்ணன். மூன்று வயதில் மாமன் வீட்டுக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இரண்டே நாளில் போய்விட்டான். சாவு அந்தப் பக்கம் நடந்ததால் புதுச்சேரிப் பதிவேட்டில் யாரும் அதை எழுதவில்லை. அந்த வருஷமே இவன் பிறந்தான். போனவன் பெயரையே வைத்தார்கள். பெயர்தான் பதிவேட்டில் இருக்கிறதே என்று அப்பா இவன் பிறப்பை எழுதவும் போகவில்லை. இவனிடம் இருந்தது அண்ணனின் சான்றுதான்.

அந்தப் பெயரை அம்மா சிலுவைக்கு முன்னால் மட்டும்தான் சொல்லுவாள். வீட்டில் இவன் சின்னவன்.

நேற்று அவள் கண்ணை மூடி செபம் சொல்லிக்கொண்டிருந்தபோது இவன் சிலுவையிடம் விளையாட்டாகக் கேட்டிருந்தான். பேருக்குச் சொந்தக்காரன் நீ, எதைப் படிக்கலாம், நீயே பார்த்து எழுதிடேன் என்று. கேட்டுவிட்டு மறந்தும் போனான்.

இப்போது அந்த ரேகைமேல் தன் பெருவிரலை வைத்துப் பார்த்தான். ரேகை அவன் நகத்துக்குள் அடங்கிவிட்டது.

“இது நான் வச்சது இல்லீங்க,” என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

சாமிக்கண்ணு அவனுடைய பிறப்புச் சான்றை எடுத்துக் காலையில் எழுதிய தாளோடு சேர்த்தார். ஓரம் பார்த்துத் தட்டி, குண்டூசி குத்தி, கட்டுக்குள் வைத்தார்.

பிறகு, இத்தனை வருஷ வழக்கத்தை விட்டு, தலையை நிமிர்த்தினார். அரும்பாத மீசையைப் பார்த்தார். நகக்கண்ணைப் பார்த்தார்.

“அப்ப காயிதம் காலையில வந்தவருது. நீ யாருப்பா? உன் பேரு என்ன?”

அவன் வாயைத் திறந்தான். சொல்ல வந்த பெயர் மேசைக்கு அந்தப் பக்கம், குண்டூசிக்குக் கீழே இருந்தது. பின்னால் வரிசையில் யாரோ சலித்துக்கொண்டார்கள்.

“சின்னவன்,” என்றான்.